திரும்பி வரும் விமானிக்குத் துணை நில்லுங்கள்

அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்



ஹவாய் தீவுகளுக்கு விடுமுறையில் வருகிறவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சுற்றிக் காட்டும் தொழில் உங்கள் மேற்பார்வையில் நடக்கிறது. விமானிக்கு உரிமம் வழங்குவது நீங்கள். நிறுவனத்துக்கு அனுமதி தருவதும், எவ்வளவு தாழப் பறக்கலாம் என்று வரையறுப்பதும் நீங்கள்தான். அந்தத் தொழிலில் ஒரு குறை நெடுங்காலமாக எடுத்துச் சொல்லப்பட்டு வருகிறது. வானிலை கெடும்போது பயணத்தை முறித்துக்கொண்டு திரும்புவதா, தொடர்வதா என்ற முடிவு, பணம் கொடுத்து ஏறியவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒற்றை ஆளின் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது. அந்தச் சுமையில் பெரும்பங்கை அவரிடமிருந்து இறக்கி வைக்கும் அதிகாரம் உங்கள் அலுவலகத்துக்கு உண்டு. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஹவாய் வானத்தைப் பற்றித் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. கலிபோர்னியாவிலும் சியாட்டிலிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப் போகும் இடங்களில் ஹவாயும் ஒன்று. அதிலும் காவாய் தீவுக்கு நம்மவர்கள் போக இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970-இல் நிறுவிய காவாய் ஆதீனம் அங்கேதான், வைலுவா ஆற்றங்கரையில் இருக்கிறது. அந்த ஆதீனத்தின் இறைவன் கோயிலுக்கான கருங்கற்களைப் பெங்களூரு அருகே தமிழ்ச் சிற்பிகள் உளிகொண்டு செதுக்க, அவை கப்பலேறிப் போய்ச் சேர்ந்தன. 2023-இல் கும்பாபிஷேகம் நடந்தது. கோயிலில் தரிசனம் முடித்த குடும்பம் மறுநாள் காலை எங்கே போகும் என்று கேட்டால், பெரும்பாலும் ஹெலிகாப்டர் தளத்துக்குத்தான். ஆகவே உங்கள் விதிகள் எங்கள் வாசகர்களையும் கட்டிக் காக்க வேண்டியவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சுற்றுலாவைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. காவாயில் அதற்கு இவ்வளவு கிராக்கி இருப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தீவை முழுதாகச் சுற்றி வரச் சாலை கிடையாது. வடக்கே போகும் நெடுஞ்சாலை கேயே கடற்கரையோடு நின்றுவிடும். மேற்கே வைமெயா பள்ளத்தாக்கின் விளிம்பையொட்டி ஏறும் மலைச்சாலை, கலலாவ் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும் முனையோடு முடிந்துவிடும். இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் கிடப்பதுதான் நா பாலி கரை. கடலிலிருந்து செங்குத்தாக எழும் பச்சைப் பாறைச் சுவர்கள், உயரமான இடங்களில் 4,000 அடி வரை போகின்றன. நடந்தே பார்க்கலாம் என்றால் கலலாவ் ஒற்றையடிப் பாதை ஒரு வழிக்கே 11 மைல். முழங்கால் வலியுள்ள அப்பாவும் கைக்குழந்தைக்காரியும் போகக்கூடிய பாதை அல்ல.

தீவின் நடுவே வையாலேயாலே நிற்கிறது. உயரம் 5,148 அடி. ஆண்டுக்குச் சராசரியாக 9,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் சிகரம். உலகின் மிக ஈரமான இடங்களைப் பட்டியலிடும்போது சிரபுஞ்சியோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அதன் கிழக்கு முகத்தில் ஒரு பெரிய குடைவு. அதற்குள் புகுந்தால் மூன்று பக்கமும் கருஞ்சுவர், சுவர் நெடுக வெள்ளி இழைகளாக அருவிகள். ஜுராசிக் பார்க் படத்தில் வந்து உலகப் புகழ் பெற்ற மனவையோபுனா அருவி தனியார் நிலத்துக்குள் இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் காட்டிவிட ஹெலிகாப்டரால் முடியும். நானும் ஏறிப் பார்த்திருக்கிறேன். அந்த அருவிச் சுவருக்கு முன்னால் ஹெலிகாப்டர் மெல்லத் திரும்பியபோது, உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நடக்க முடியாத முதியவருக்கும் அந்தக் காட்சி கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன்.

ஆனால் ஏறுகிறவருக்கு என்ன சொல்லப்படுகிறது, என்ன சொல்லப்படுவதில்லை என்பதைப் பாருங்கள். தளத்துக்குப் போனதும் எடை பார்க்கிறார்கள். எடைக் கணக்குப்படிதான் இருக்கை. முன்வரிசையில் உட்கார எவ்வளவு ஆசைப்பட்டாலும் கணக்கு ஒத்துவர வேண்டும். இடுப்பில் ஒரு சிறிய பையைக் கட்டிவிடுகிறார்கள். மடித்து வைத்த உயிர்காப்பு அங்கி அதற்குள் இருக்கிறது. பெல்ட்டை எப்படிக் கழற்றுவது, கதவை எப்படித் திறப்பது, வால் விசிறிப் பக்கம் ஏன் போகக் கூடாது என்று காணொளியில் காட்டுகிறார்கள். வெளிர்நிறச் சட்டை கண்ணாடியில் பிரதிபலித்துப் புகைப்படத்தைக் கெடுக்கும், அதனால் கருநிறத்தில் உடுத்தி வாருங்கள் என்று முன்பதிவு செய்யும்போதே அறிவுரை வந்துவிடுகிறது. பிறகு, தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டே இருக்க, முந்தைய குழு ஒரு பக்கம் இறங்கிப் போக, அடுத்த குழுவை ஒவ்வொருவராகக் கைப்பிடித்து அழைத்துப் போய் ஏற்றுகிறார்கள்.

உடுத்தும் நிறம் வரைக்கும் சொல்லித் தரும் இந்த ஏற்பாட்டில் மூன்று செய்திகள் விடுபட்டுப்போகின்றன. வானிலை கெட்டால் விமானி எந்த நிலையில் திரும்புவார்? அப்படித் திரும்பினால் கட்டிய பணம் என்ன ஆகும்? இன்று காலையிலிருந்து அவருக்கு இது எத்தனையாவது சுற்று? இந்த மூன்றையும் யாரும் தாமாகச் சொல்வதில்லை. கேட்க வேண்டும் என்று பயணிக்கும் தோன்றுவதில்லை.

காவாயின் வானிலை எப்படிப்பட்டது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இதைப் படிக்கப் போகும் எங்கள் குடும்பங்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வணிகக்காற்று கடலின் ஈரத்தை அள்ளி வந்து மலையில் மோதுகிறது. மோதிய காற்று மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. மேகம் சிகரத்தைப் போர்த்திக்கொள்கிறது. தெற்கே கடற்கரையில் பளீரென்று வெயில் அடிக்கும் அதே நேரத்தில், பத்து இருபது மைல் தள்ளிக் கோக்கே மலைமுகட்டில் எதிரில் நிற்பவர் தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருக்கும். புறப்படும் இடத்து வானத்தைப் பார்த்துப் போகும் இடத்து வானத்தைச் சொல்ல முடியாது.

அந்தத் தீவின் நிலமும் இதற்கு உடந்தை. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமானால் நடுவிலுள்ள முகட்டைத் தாண்ட வேண்டும். முகட்டுக்கும் மேகத்துக்கும் இடையே ஒரு சந்து தெரியும். அதன் வழியே நுழைந்து மறுபக்கம் போய்விடலாம் என்று தோன்றும். நுழைந்த பிறகு முன்னால் மூடிக்கொள்ளும், திரும்பிப் பார்த்தால் பின்னாலும் மூடியிருக்கும். கொடைக்கானல் மலைப்பாதையில் மஞ்சு இறங்கினால் பஸ் ஓட்டுநர் விளக்கைப் போட்டு ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். செங்குத்துச் சுவர்களுக்கு நடுவில் இருக்கும் ஹெலிகாப்டருக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது. இந்தச் சுற்றுலாக்கள் கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியின் கீழ் நடப்பவை. வெளியே அடிவானமும் தரையும் மறைந்துவிட்டால், தான் நேராக இருக்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்று உடம்பு சொல்வதை நம்ப முடியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு தவறான சேதியைத் தரும். எவ்வளவு தேர்ந்த விமானிக்கும் இது பொருந்தும். ஆகவே மேகத்துக்குள் போன பிறகு தப்பிப்பது எப்படி என்பதைவிட, போகாமலே திரும்புவது எப்படி என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்க்கேள்வி.

2019 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காவாயின் லிஹுவேயிலிருந்து மாலை நான்கரை மணியளவில் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் கிளம்பியது. விமானியோடு ஆறு பயணிகள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. வைமெயா பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு நா பாலி கரையை நோக்கிப் போகும் வழக்கமான தடம். விமானி காவாயில் பல ஆண்டுகள் பறந்து பழகியவர். அன்று அது அவருக்கு எட்டாவது சுற்று, அன்றைய கடைசிச் சுற்றும் அதுவே. கோக்கே பகுதியில் மழையும் மஞ்சும் இறங்கியிருந்தன. கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகாத நிலையில், சுமார் 3,000 அடி உயரத்தில் ஒரு முகட்டுச் சரிவில் ஹெலிகாப்டர் மோதியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து, 2022 மே மாதம் முடிவைச் சொன்னது. கண்ணால் பார்த்துப் பறக்க வேண்டியவர், கண் தெரியாத வானிலைக்குள் பயணத்தைத் தொடர்ந்ததே முதன்மைக் காரணம் என்றது. வாரியம் அதோடு நிறுத்தவில்லை. நிறுவனத்தில் பாதுகாப்பு மேலாண்மை முறை இல்லாததைச் சுட்டியது. உங்கள் அலுவலகத்தையும் சுட்டியது. ஹவாயில் வானிலைக் கேமராக்களை நிறுவுவதில் நீங்கள் காட்டிய தாமதமும், அந்தத் தீவுகளின் வானிலையைக் கண்ணால் கண்டு கணிக்க விமானிகளுக்குப் பயிற்சி தரும் திட்டத்தை முன்னின்று உருவாக்காததும் விபத்துக்குத் துணைபோன காரணங்கள் என்று எழுதியது.

அந்தப் பயிற்சி 2022-இல் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. 2004 செப்டம்பர் 24-இல் அதே காவாயில், காலாஹேயோ அருகே ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போய் மலையில் மோதி, விமானியும் நான்கு பயணிகளும் இறந்தார்கள். அந்த விமானி ஹவாய் வானிலைக்குப் புதியவர். விசாரணை முடிவில் வாரியம் மூன்று செய்திகளைச் சொன்னது: உள்ளூர் வானிலையைக் கணிப்பதில் விமானிக்கு அனுபவம் போதவில்லை, நிறுவனம் அவருக்குச் சுற்றுகளை ஒதுக்கிய முறை அவருடைய தீர்மானத்தைப் பாதித்திருக்கக்கூடும், ஹவாய்க்கான சிறப்பு விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று உங்கள் அலுவலகம் போதுமான அளவு கண்காணிக்கவில்லை. ஹவாய் வானிலைக் குறிகளைக் கொண்டு விமானிகளைப் பழக்கும் பயிற்சியை உருவாக்குங்கள், உருவானதும் கட்டாயமாக்குங்கள் என்று 2007-இலேயே உங்களிடம் பரிந்துரைத்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, இன்னொரு விபத்தின் அறிக்கையில், அதே குறையை அதே வாரியம் மறுபடி எழுத நேர்ந்தது.

இரண்டு விபத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2004-இல் போனவர் தீவுக்குப் புதியவர். 2019-இல் போனவர் அந்த மலைகளை ஆண்டுக்கணக்கில் அறிந்தவர். புதியவரும் அனுபவசாலியும் ஒரே விதமாக மேகத்துக்குள் போயிருக்கிறார்கள் என்றால், கோளாறு தனி மனிதரின் திறமையில் மட்டும் இல்லை. திரும்பாமல் தொடரும்படி அவர்களைத் தள்ளும் ஏதோ ஒன்று அந்தத் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது.

அது என்ன என்பதை நான் ஏறிய பயணத்தில் கண்ணால் பார்த்தேன். வைமெயாவைத் தாண்டியதும் நா பாலிப் பக்கம் சாம்பல்நிறத் திரை விழுந்திருந்தது. விமானி சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, ஹெட்செட்டில், "மன்னிக்கவும், அந்தப் பக்கம் இன்றைக்குப் போக முடியாது" என்றார். ஹெலிகாப்டர் திரும்பியது. பின்வரிசையிலிருந்து உடனே ஒரு கேள்வி: "கொஞ்சம் காத்திருந்து பார்க்கலாமே?" இன்னொருவர், "இதற்குத்தானே இத்தனை ஆயிரம் மைல் வந்தோம்" என்றார். மூன்றாமவர் கட்டணத்தில் குறைப்பு உண்டா என்று கேட்டார். விமானி எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினார். இறங்கிய பிறகு நான் அவருக்கு நன்றி சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த குழுவை ஏற்றத் தயாரானார். மிகச் சரியான ஒரு முடிவை எடுத்த மனிதர், அதற்காக வழி நெடுக மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

அந்தப் பயணிகள் கெட்டவர்கள் அல்ல. தலைக்கு 300 டாலர் என்றால் நால்வர் குடும்பத்துக்கு 1,200 டாலர். நம் ஊர்க் கணக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டும். மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மீண்டும் வருவோமா என்பது தெரியாது. வேண்டி நின்றது கைவிட்டுப் போகிறதே என்ற ஆதங்கத்தில் பேசுகிறார்கள். இந்தப் பக்கம் விமானிக்கு, பயணிகள் எழுதப் போகும் மதிப்பீடு, முதலாளியின் முகம், அடுத்த சுற்றுக்கான நேரம், முன்னால் போன ஹெலிகாப்டர் தாண்டிவிட்டதோ என்ற எண்ணம். இவ்வளவையும் ஒருவர் தனியாக, கையில் கட்டுப்பாட்டுத் தண்டைப் பிடித்துக்கொண்டு, சில நொடிகளில் எடைபோட வேண்டியிருக்கிறது. முகட்டின் மேல் வைத்து எடுக்கும் முடிவைத் தரையிலேயே, எழுத்தில், முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். அதைச் செய்யச் சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

விதி போட்டால் பலன் உண்டா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். நீங்களே இதற்கு முன் செய்து காட்டியிருக்கிறீர்கள். 1994 ஜூலை 14 அன்று, ஒரே நாளில், ஹவாயில் இரண்டு சுற்றுலா ஹெலிகாப்டர்கள் கடலில் இறங்க நேர்ந்தது. காவாயில் நடந்ததில் மூவர் இறந்தார்கள். அந்த ஆண்டே ஹவாய்க்கென்று சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தீர்கள். தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது, கடல்மேல் போகும் ஹெலிகாப்டரில் மிதவை அல்லது பயணிகளுக்கு உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும், புறப்படும் முன் பயணிகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் வகுத்தீர்கள். இன்று ஒவ்வொரு பயணியின் இடுப்பிலும் அந்தப் பை தொங்குகிறது என்றால், அதன் பின்னால் உங்கள் விதி இருக்கிறது. கடலில் விழுந்தால் என்ன செய்வது என்று கட்டாயமாகச் சொல்ல வைத்த நீங்கள், மலையில் மஞ்சு இறங்கினால் என்ன செய்வோம் என்பதையும் அதே போலக் கட்டாயமாகச் சொல்ல வைக்கலாம்.

எதிர்வாதங்களும் உண்டு. 1,500 அடி விதியே விமானியை மேகத்தை நோக்கித் தள்ளுகிறது, தாழப் பறக்க விட்டால் தெளிவாகப் பார்த்துப் போவார் என்று தொழிலில் இருப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். மேக அடித்தளம் தாழ்ந்திருக்கும் நாளில் இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் அனுமதி பெற்றவர்கள் குறிப்பிட்ட இடங்களில் தாழப் பறக்க நீங்கள் வழி வைத்திருக்கிறீர்கள். 2023-இல் அந்த அனுமதி முறையைப் பயிற்சியோடும் பாதுகாப்பு ஆய்வோடும் இணைத்துத் திருத்தினீர்கள். அது நல்ல மாற்றம். ஆனால் எந்த உயரத்தை வரம்பாக வைத்தாலும், அந்த வரம்பில் பார்வை கிட்டாத நாள் ஒன்று வரத்தான் போகிறது. அன்றைக்குத் திரும்பும் துணிவுதான் உயிர் காக்கும். உயர வரம்பைத் தளர்த்துவது அந்தத் துணிவுக்கு மாற்று ஆகாது.

எல்லா விபத்தும் வானிலையால் வந்ததல்லவே என்றும் சொல்லலாம். உண்மை. 2007 மார்ச்சில் காவாயில் நான்கு நாள் இடைவெளிக்குள் நடந்த இரண்டு விபத்துகளுக்கும் இயந்திரக் கோளாறுகள் காரணமாயின. 2022 ஜூனில் ஹவாய்ப் பெருந்தீவில் ஒரு ஹெலிகாப்டரின் வால்பகுதி பறக்கும்போதே பிரிந்தது. ஆறு பேரும் உயிர் தப்பியது பெரும்பேறு. பராமரிப்பை நீங்கள் தனியாகக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் 2004-இலும், அடுத்த ஆண்டு செப்டம்பரில் காவாயின் ஹாயேனா கரையோரம் மூன்று பயணிகள் இறந்தபோதும், 2019-இலும் கெட்ட வானிலைக்குள் பயணம் தொடர்ந்தது என்பதே விசாரணையின் முடிவு. மறுபடி மறுபடி ஒரே இடத்தில் கதை முடிகிறது என்றால், அந்த இடத்துக்கு முதல் கவனம் வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, பயிற்சி. ஹவாய் மலைகளில் மேகம் எப்படித் திரள்கிறது, எந்த முகட்டில் எந்த அறிகுறி தெரிந்தால் மேற்கொண்டு போகக் கூடாது என்பதைப் படங்களாலும் பாவனைப் பறத்தலாலும் பழக்கும் பயிற்சி, அங்கே சுற்றுலா ஓட்டும் ஒவ்வொரு விமானிக்கும் கட்டாயமாக வேண்டும். புதிதாகச் சேர்பவருக்கு மட்டும் போதாது. அனுபவசாலிக்கும் ஆண்டுதோறும் வேண்டும் என்பதை 2019 சொல்லிவிட்டது.

இரண்டாவது, கேமரா. விபத்துக்குப் பிறகு ஹவாயில் வானிலைக் கேமராக்களை நிறுவினீர்கள், அதற்கு நன்றி. அலாஸ்காவில் பல்லாண்டுகளாக விமானிகளுக்குக் கைகொடுத்து வரும் ஏற்பாடு அது. இனி, ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் மலைமுகட்டுக் கேமராவைப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும், பார்த்ததைப் பதிய வேண்டும் என்று விதியாக்குங்கள். காலையில் ஒரு தடவை பார்த்தது மாலை நான்கரை மணிச் சுற்றுக்கு உதவாது.

மூன்றாவது, எழுத்தில் ஒரு திரும்பும் கொள்கை. எந்தப் பார்வைத் தூரத்தில், எந்த மேக உயரத்தில் விமானி திரும்பியே ஆக வேண்டும் என்பதை நிறுவனம் முன்கூட்டி எழுதி உங்களிடம் ஒப்படைக்கட்டும். திரும்பி வந்த விமானியின் சம்பளத்திலோ பணியிலோ கை வைக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். கட்டணத்தைத் திருப்பித் தருவது உங்கள் அதிகார வரம்புக்கு வெளியே இருக்கலாம். ஆனால் அதுபற்றிய நிறுவனத்தின் நிலைப்பாட்டைப் பயணிக்கு முன்னதாகச் சொல்லிவிட்டால், வானத்தில் வைத்து அந்தக் கேள்வி எழாது.

நான்காவது, ஏறும் முன் ஒரு தாள். திரும்பும் கொள்கை, விமானிக்கு அன்று எத்தனையாவது சுற்று, அந்த ஹெலிகாப்டர் எந்த விதித்தொகுப்பின் கீழ் பறக்கிறது ஆகியவை அதில் இருக்க வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பும், 25 மைல் ஆரத்துக்குள் முடியும் சுற்றுலாக்களை, மற்ற வணிகப் பயணங்களைவிட இளகிய விதிகளின் கீழ் நடத்த உங்கள் சட்டம் இடம் தருகிறது. பயணி அதைத் தெரிந்துகொண்டு ஏறட்டும். அந்த வேறுபாட்டையே நீக்கிவிட்டால் இன்னும் நல்லது.

ஐந்தாவது, பாதுகாப்பு மேலாண்மை முறை. 2024-இல் நீங்கள் வெளியிட்ட விதி இந்தச் சுற்றுலா நிறுவனங்களையும் அதற்குள் கொண்டுவந்தது. 2027 மே 28 வரை அவகாசம் தந்தது. அது அலமாரியில் அடுக்கும் கோப்பாக முடிந்துவிடக் கூடாது. பறந்த தடத்தின் தரவைப் பதிந்து, முகட்டுக்கு மிக அருகே போனவர் யார், மேகத்தை உரசியவர் யார் என்று நிறுவனமே மறுநாள் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வழக்கம் வர வேண்டும். உங்கள் ஆய்வாளர் அந்தத் தரவைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

இந்த ஐந்தோடு, சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வேண்டும். அதைத் தொட்டால் தொழில் நசிந்துவிடும் என்ற அச்சம் கிளப்பப்படும். தேசியப் பூங்காக்களின் மேல் பறக்கும் சுற்றுலாவை ஒழுங்குபடுத்த 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவின் மேல் ஆண்டுக்குச் சராசரியாக 11,376 ஆக இருந்த பயணங்களை 1,548 ஆகக் குறைக்கும் திட்டத்தைப் பூங்காத் துறையோடு சேர்ந்து நீங்கள்தான் இறுதி செய்தீர்கள். ஹலேயாகலா தேசியப் பூங்காவின் மேல் 4,824 என்பது 2,412 ஆயிற்று. மலையின் அமைதிக்காகவும், அதைத் தெய்வமாகப் போற்றும் ஹவாய் மக்களின் மனத்துக்காகவும் அது செய்யப்பட்டது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் காவாயில் தேசியப் பூங்கா கிடையாது. நா பாலி மாநிலப் பூங்கா என்பதால் அந்தச் சட்டத்தின் நிழல் அங்கே விழாது. அமைதிக்காக எண்ணிக்கையைக் கணக்கிட்டு வரம்பு கட்ட முடிந்த ஓர் அரசால், உயிருக்காக அதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. மேகம் கவிந்த மாலையில் நா பாலிக்குள் எத்தனை ஹெலிகாப்டர்கள் இருக்கலாம், ஒரு விமானி ஒரு நாளில் எத்தனை சுற்று ஓட்டலாம் என்பதற்கு அங்கேயும் ஒரு வரம்பு வேண்டும்.

2024 ஜூலை 11-இல் நா பாலி கரைக்கு அப்பால் இன்னொரு சுற்றுலா ஹெலிகாப்டர் கடலில் விழுந்து மூவர் இறந்தார்கள். அதன் காரணத்தை அதன் விசாரணை சொல்லட்டும். ஒரு விபத்து, ஓர் அறிக்கை, ஒரு பரிந்துரை, பிறகு நீண்ட காத்திருப்பு, மறுபடி ஒரு விபத்து என்ற வரிசையை முறிக்க வேண்டியது நீங்கள்.

இதைப் படிக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. காவாய்க்குப் போகிறீர்கள் என்றால், ஹெலிகாப்டரில் ஏற விரும்பினால், தாராளமாக ஏறுங்கள். முன்பதிவு செய்யும்போதே மேலே சொன்ன அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பயணத்தைத் திட்டத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். முதல் நாளில் வைத்தால், வானிலை கெட்டாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும், விமானியிடம் மன்றாட வேண்டிய நிலை வராது. அவர் திரும்பிவிட்டால் முணுமுணுக்காதீர்கள். "நல்ல முடிவு" என்று உரக்கச் சொல்லுங்கள். உடன் வந்தவர்களும் கேட்கட்டும்.

நிர்வாகி அவர்களே, பயணிகளால் இவ்வளவுதான் முடியும். மீதி உங்கள் கையில் இருக்கிறது. 2007-இல் கேட்கப்பட்ட பயிற்சி, 2022-இல் மீண்டும் கேட்கப்பட்டது. மூன்றாவது முறை இன்னொரு விபத்து அறிக்கையில் அதைக் கேட்க வைக்காதீர்கள். இந்த ஐந்தையும் சுற்றுகளுக்கான வரம்பையும் விதியாக்கித் தேதி குறித்து அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஹவாய்க்குப் பயணம் போகும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில்,
ஓர் இதழாளர்